கார் கம்பெனியில் தலைவர் மாறினால் மண்டபத்துக்காரருக்கு என்ன?

போன வாரம் மண்டபத்திலிருந்து ஒரு தம்பி கடைக்கு வந்திருந்தார். கரையில் நண்டு எடுத்து ஏற்றுமதிக் கம்பெனிக்கு அனுப்புகிறவர். அவருடைய பழைய ஆம்னி வேனின் தள்ளுகதவு ரோலர் தேய்ந்துபோய்விட்டது. அதை எடுத்து வைத்துவிட்டுப் பில் போடும்போது போனை என் பக்கம் திருப்பினார். ஏதோ ஒரு கார் கம்பெனிக்குப் புது நிர்வாக இயக்குநர் வந்திருக்கிறார் என்று செய்தி.

"அண்ணே, இதை வித்துட்டுப் புதுசா ஒரு சின்ன வண்டி எடுக்கலாம்னு இருக்கேன். எங்கேயோ ஒருத்தர் சீட்டு மாறுனா எனக்கு என்னண்ணே ஆகப் போகுது?"

ராமநாதபுரம் கேணிக்கரைப் பக்கம் இருபது வருஷத்துக்கு மேலாகக் கார் உதிரிபாகம் விற்கிறேன். கடையில் கூட்டம் இருந்ததால் அன்றைக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். நல்ல கேள்வி அது. முழுசாகச் சொல்லிவிட வேண்டும் என்று இங்கே எழுதுகிறேன். கார் கம்பெனிச் செய்திகளை இதுவரை படித்தே இராதவருக்கும் புரிகிற மாதிரி எழுதப் பார்க்கிறேன்.

சாளைக் கணக்கு

சின்னக் கார் எந்த மாதிரி வியாபாரம் என்பது முதலில் பிடிபட வேண்டும். நம் கடலில் சாளையும் கிடைக்கிறது, சிங்கி இறாலும் கிடைக்கிறது. சிங்கி இறால் நாலைந்து கிலோ மாட்டினாலே அன்றைய செலவு தேறிவிடும். சாளை கூடை கூடையாக ஏறினால்தான் கட்டுப்படியாகும். கிலோவுக்கு நிற்கிற காசு சொற்பம். கார் வியாபாரத்தில் சாளை என்பது சின்னக் கார். சிங்கி இறால் என்பது எஸ்யூவி என்கிற உயரமான பெரிய வண்டி.

கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஒரு புது மாடலை வரைந்து, அச்சு வார்த்து, ஓட்டிச் சோதித்து, தொழிற்சாலையில் ஏற்றுவதற்கு 1,000 கோடி ரூபாய் ஆகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 10 லட்சம் கார் விற்றால் ஒரு காரின் தலையில் விழுவது 10,000 ரூபாய். 1 லட்சம் கார்தான் விற்றது என்றால் அதுவே காருக்கு 1 லட்சம் ரூபாய். 20 லட்ச ரூபாய் வண்டியில் அந்த ஒரு லட்சத்தை எப்படியாவது சேர்த்துவிடலாம். 5 லட்ச ரூபாய் வண்டியில் சேர்த்தால் வாங்க வந்தவர் எழுந்து பைக் ஷோரூமுக்குப் போய்விடுவார்.

சட்டம் கேட்கிற செலவும் இதே மாதிரிதான். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகைக் கட்டுப்பாடு வந்தது. அதற்கு முன்னும் பின்னும் காற்றுப்பை, ஏபிஎஸ் பிரேக் என்று பாதுகாப்பு விதிகள் வந்தன. எல்லாம் வேண்டியவைதான், உயிர் காக்கிற சமாச்சாரத்தில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது. ஆனால் ஒரு காற்றுப்பையின் விலை பெரிய வண்டிக்கு ஒன்று, சின்ன வண்டிக்குப் பாதி என்று குறைந்து வராது. ஒரே சுமை, மெலிந்த தோளில் அதிகம் அழுத்துகிறது.

அதனால்தான் சின்னக் காருக்கு இரண்டு பேர் தேவைப்படுகிறார்கள். செலவைப் பங்குபோட்டுக்கொள்கிற ஒரு பங்காளி. லாபம் மெதுவாகத்தான் வரும் என்று தெரிந்து பொறுத்திருக்கிற ஒரு தலைவர். இந்த இருவரில் ஒருவர் மாறினாலும் முதலில் ஆட்டம் காண்பது சின்னக் கார்தான். நான் சொல்ல வருவது முழுக்க இந்த ஒரு விஷயம்தான். மற்றதெல்லாம் இதற்கான சாட்சி.

கரைவலையும் கூட்டுக் கம்பெனியும்

கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்குக் கூட்டு வியாபாரத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. வலையும் வள்ளமும் சம்மாட்டியுடையது. கடலுக்குள் வளைத்துப் போட்டுவிட்டு வர ஆள் வேண்டும், கரையில் இரண்டு பக்கமும் நின்று கயிறு இழுக்க ஆள் வேண்டும். மீனை விற்றுச் செலவைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பங்கு வைப்பார்கள். வலை வைத்திருப்பவருக்கு இழுக்கிற கை இல்லை, இழுக்கிற கைக்கு வலை இல்லை.

1980களின் தொடக்கத்தில் இந்திய அரசிடம் இடம் இருந்தது, அனுமதி இருந்தது, கார் கேட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த மக்கள் இருந்தார்கள். கார் செய்யத் தெரிந்த கை இல்லை. 1981இல் மாருதி உத்யோக் தொடங்கப்பட்டது. அதை முன்னின்று நடத்தியவர் பெல் (பிஎச்இஎல்) என்ற அரசு நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியிருந்த வி. கிருஷ்ணமூர்த்தி, தமிழர். கூட இருந்தவர் ஆர்.சி. பார்கவா. பெரிய பெரிய கம்பெனிகளிடம் பேசிப் பார்த்தார்கள். கடைசியில் கை கொடுத்தது, ஜப்பானிலேயே பெரிய கம்பெனி என்று சொல்ல முடியாத சுசூகி. அதன் தலைவர் ஒசாமு சுசூகி ஆளை அனுப்பாமல் தானே உட்கார்ந்து பேசினார். 1982இல் ஒப்பந்தம். சுசூகிக்கு 26 சதவீதப் பங்கு, மீதி அரசுக்கு. 1983 டிசம்பர் 14 அன்று டெல்லியில் முதல் மாருதி 800இன் சாவி கைமாறியது. 796 சிசி, மூன்று சிலிண்டர், விலை 47,500 ரூபாய் அளவில்.

அந்தக் கார் 2014 ஜனவரி வரை உற்பத்தியில் இருந்தது. முப்பது வருஷம்! 25 லட்சத்துக்கும் மேல் விற்றது. மேலே போட்ட கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள்: அச்சு வார்த்த செலவு எத்தனை லட்சம் தலைகளில் பிரிந்திருக்கிறது! ராமேஸ்வரம் தீவுக்கு 1988இல் சாலைப் பாலம் திறந்த பிறகு அதில் ஓடிய கார்களில் எத்தனை மாருதி 800 என்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். நான் கடை போட்ட புதிதில் என் அலமாரியில் பாதி அந்த ஒரு காருக்கான சாமான்தான்.

கூட்டு என்றால் சண்டையும் உண்டு. 1992இல் சுசூகியின் பங்கு 50 சதவீதம் ஆனது. 1997இல் அரசு ஒரு நிர்வாக இயக்குநரை நியமித்தது. தங்கள் சம்மதமில்லாமல் நியமித்தார்கள் என்று சுசூகி எதிர்த்து, சர்வதேச நடுவர் மன்றம் வரை போனது. 1998இல் சமரசமானது. எந்த நேரத்தில் இந்தச் சண்டை என்று பாருங்கள்: அதே 1998இல்தான் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோவும், டாடாவின் இண்டிகாவும் வந்து இறங்கின. வீட்டுக்குள் பங்காளிச் சண்டை, வாசலில் போட்டிக்காரர்கள். பிறகு ஜகதீஷ் கட்டர் மாருதியின் நிர்வாக இயக்குநராக வந்தார், 2000இல் ஆல்டோ வந்தது. 2002இல் சுசூகி பெரும்பான்மைப் பங்குதாரர் ஆனது. 2007இல் அரசு முழுவதுமாக வெளியேறியது.

எல்லாக் கூட்டும் இப்படித் தனிக் கம்பெனி தொடங்குவதாக இருக்காது. சில சமயம் ஒருவர் மற்றவரின் பங்கைக் கொஞ்சம் வாங்கி வைத்துக்கொள்வார். டொயோட்டா 2019இல் சுசூகியில் 5 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகப் பங்கு எடுத்தது அப்படித்தான். சில சமயம் காரையே பகிர்ந்துகொள்வார்கள். அதே 2019இல் மாருதி பலேனோ, முன்பக்கச் சின்னம் மாறி டொயோட்டா கிளான்ஸா ஆனது. இதைக் கடைக்காரன் கண்ணால் சொல்கிறேன். கிளான்ஸாக்காரர் வந்து "டொயோட்டா ஆயில் ஃபில்டர் குடுங்க" என்பார். நான் பலேனோவுக்குக் கொடுக்கிற அதே ஃபில்டரை எடுத்து வைப்பேன். அவர் முகம் சுருங்கும். எஞ்சின் சுசூகி எஞ்சின், சாமானும் அதுவேதான் என்று பொறுமையாகச் சொல்ல வேண்டும். அவர் வருத்தப்பட வேண்டியதே இல்லை. இரண்டு கம்பெனி விற்கிற சாமான் என்பதால்தான் அது ராமநாதபுரம் மாதிரி ஊரில் எப்போதும் கிடைக்கிறது.

கூட்டு முறிந்தால் எப்படி இருக்கும் என்பதற்கும் சுசூகியே உதாரணம். 2009 கடைசியில் ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன், சுசூகியில் கிட்டத்தட்ட 20 சதவீதப் பங்கு வாங்கியது. எங்களை சமமாக மதிக்கவில்லை, துணைக் கம்பெனி மாதிரி நடத்துகிறார்கள் என்று ஒசாமு சுசூகிக்கு மனத்தாங்கல். இரண்டே வருஷத்தில் பிரிய வேண்டும் என்றார். நடுவர் தீர்ப்பு 2015இல்தான் வந்தது. சுசூகி தன் பங்கைத் திரும்ப வாங்கிக்கொண்டது. அந்த உறவு நிலைத்திருந்தால் நம் ஊரில் ஓடும் சின்னக் கார்களின் எஞ்சினே வேறு ஆகியிருக்கலாம்.

மண்டாடி மாறினால்

தொண்டிப் பக்கம் பாய்மரப் படகுப் போட்டி பார்த்திருப்பீர்கள். மண்டாடி என்ற ஆள்தான் காற்றைப் பார்த்துப் பாயை எந்தப் பக்கம் திருப்புவது என்று சொல்கிறவர். அதே படகு, அதே பாய், அதே காற்று. மண்டாடி மாறினால் படகு போகிற வழி மாறும். கார் கம்பெனியின் தலைவரும் அவ்வளவுதான். அவர் நட்டு போல்ட்டைத் தொடுவதில்லை. 1,000 கோடி கையில் இருந்தால் அதைச் சின்னக் காரில் போடுவதா, எஸ்யூவியில் போடுவதா, எந்த நாட்டை விட்டு வெளியே வருவது என்பதைத் தீர்மானிக்கிறார்.

டாடாவின் நானோ காரை எடுத்துக்கொள்ளுங்கள். மழையில் ஒரே ஸ்கூட்டரில் குடும்பமே நனைந்து போவதைப் பார்த்து டாடா குழுமத் தலைவராக இருந்த ரத்தன் டாடாவுக்கு வந்த எண்ணம் அது. 2008 ஜனவரியில் காட்டினார்கள், ஒரு லட்ச ரூபாய் கார் என்று உலகமே பேசியது. மேற்கு வங்கத்துச் சிங்கூரில் நடந்த நிலப் போராட்டத்தால் தொழிற்சாலை குஜராத்தின் சானந்துக்குப் போனது. 2009இல் விற்பனைக்கு வந்தது. 624 சிசி, இரண்டு சிலிண்டர். எண்ணிக்கை எதிர்பார்த்த அளவு ஏறவே இல்லை. மலிவான கார் என்று அழைத்ததே அதற்கு வினையானது என்பது என் கருத்து. கார் வாங்குகிற அன்றைக்கு ஒரு குடும்பம் தெருவில் தலைநிமிர்ந்து நிற்க நினைக்கிறது. 2012 டிசம்பரில் ரத்தன் டாடா ஓய்வு பெற்றார். அடுத்து வந்த சைரஸ் மிஸ்திரி 2016 அக்டோபரில் நீக்கப்பட்டபோது எழுதிய கடிதத்தில், நானோ நஷ்டத்திலேயே ஓடுகிறது என்று குறிப்பிட்டது பெரிய செய்தியானது. 2017இல் நாமக்கல் மாவட்டம் மோகனூரைச் சேர்ந்த என். சந்திரசேகரன் டாடா குழுமத்தின் தலைவரானார். 2018இல் நானோ உற்பத்தி நின்றது. அந்தக் காருக்குக் காவலாக நின்றவர் நாற்காலியை விட்டு இறங்கிய பிறகு, ஆறு வருஷம்தான் தாங்கியது.

ஃபோர்டு கதை நமக்கு இன்னும் நெருக்கம். நம் மாவட்டத்து ஐடிஐ பிள்ளைகள் வேலை தேடிப் போகிற பகுதியில், மறைமலை நகரில் இருந்த தொழிற்சாலை. 1990களில் மஹிந்திராவோடு கூட்டாக வந்து, பிறகு தனியாக நடந்தது. 2017 மே மாதம் அமெரிக்காவில் தலைமை மாறி ஜிம் ஹாக்கெட் வந்தார். அவர் காலத்தில் மறுபடி மஹிந்திராவோடு பேச்சு. 2019 அக்டோபரில் புதுக் கூட்டுக் கம்பெனி அறிவிப்பு. 2020 அக்டோபரில் ஹாக்கெட் போய் ஜிம் ஃபார்லி வந்தார். அந்த டிசம்பர் 31 அன்று கூட்டு ரத்து. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்துவதாக அறிவிப்பு. கொரோனாவும் நஷ்டமும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. ஒருவர் மாறியதாலேயே எல்லாம் நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். தேதிகள் எவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன என்பதை மட்டும் பாருங்கள். சர்வீஸும் உதிரிபாகமும் தொடரும் என்று ஃபோர்டு அறிவித்தது.

இன்னொரு பிராண்டு காரில் எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் கம்பெனியின் பெயர் வேண்டாம். இந்தியாவில் விற்பனையை நிறுத்திய ஒரு சின்னக் கார். ஏர்வாடிப் பக்கத்து வாடிக்கையாளர் ஒருவர் ஹெட்லைட் உடைந்து வந்தார். மதுரையில் இல்லை, சென்னையில் இல்லை. நாலு மாதம் டேப் ஒட்டி ஓட்டினார். ராத்திரியில் பிரசவத்துக்கு மகளை அழைத்துப் போகும்போது ஒற்றை விளக்கில் போனேன் என்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

இப்போது சின்னக் காரின் நிலை

இன்றைக்கு நாட்டில் விற்கிற பயணிகள் கார்களில் பாதிக்கு மேல் எஸ்யூவிதான். ஹூண்டாய் சான்ட்ரோவை 2014இல் நிறுத்தி, 2018இல் திரும்பக் கொண்டுவந்து, 2022இல் மறுபடி நிறுத்திவிட்டது. ரெனோ 2015இல் க்விட் என்ற சின்னக் காரைக் கொண்டுவந்தது. அடுத்த வருஷம் அதே அடித்தளத்தில் நிஸானின் டாட்சன் ரெடிகோவும் ஒரகடத்தில் தயாரானது. டாட்சன் 2022இல் போய்விட்டது. இரண்டு கம்பெனிகளையும் சேர்த்துப் பிடித்திருந்த கார்லோஸ் கோன் 2018 நவம்பரில் ஜப்பானில் கைதானதிலிருந்து அந்த உறவு பழைய மாதிரி இல்லை. ஒரகடம் தொழிற்சாலையில் நிஸானுக்கு இருந்த 51 சதவீதத்தை ரெனோவே வாங்கிக்கொள்வது என்று 2025 மார்ச்சில் முடிவானது.

மறுபக்கம் ஒரு நல்ல செய்தி, வரியில். சின்னக் கார் என்றால் எது என்று நம் நாட்டில் வரிச் சட்டம்தான் அளந்து வைத்திருக்கிறது: நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் எஞ்சின் 1,200 சிசிக்குள், டீசல் என்றால் 1,500க்குள். 2006 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் கொண்டுவந்த கோடு இது. பின்பக்கம் வெட்டினாற்போல சில கார்கள் நிற்பது இந்த 4 மீட்டருக்குள் அடங்கத்தான். 2025 செப்டம்பர் 22 முதல் இந்தக் கோட்டுக்குள் வரும் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்கு முன் பெட்ரோல் காருக்கு 28ம், மேல்வரி 1ம் சேர்த்து 29. வரிக்கு முந்தைய விலை 4 லட்சம் என்றால் முன்பு 5,16,000, இப்போது 4,72,000. 44,000 ரூபாய் மிச்சம். தடைக்காலத்தின் 61 நாளும் விசைப்படகு கரையில் நிற்கும், தவணை நிற்காது. அப்படிப்பட்ட வீட்டுக்கு இந்தத் தொகை எவ்வளவு பெரியது என்று நம் கரையில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் வரி குறைந்ததாலேயே கம்பெனிகள் புதுச் சின்னக் கார் செய்ய ஓடிவரும் என்று நான் நம்பவில்லை. மனம் வைக்கிற தலைமை வேண்டும். சுசூகியைப் பல பத்தாண்டு நடத்திய ஒசாமு சுசூகி 2024 டிசம்பரில், 94 வயதில் காலமானார். அவர் மகன் தோஷிஹிரோ சுசூகி 2015லேயே பொறுப்பை ஏற்றுவிட்டார். மாருதிக்கு 2022இல் நிர்வாக இயக்குநராக ஹிசாஷி தாகெயுச்சி வந்தார். சின்னக் காரை விட்டுவிடும் எண்ணம் அவர்களிடம் தெரியவில்லை. 2025இல் ஆல்டோ கே10க்கே ஆறு காற்றுப்பை வைத்தார்கள். ஹூண்டாய் இந்தியாவுக்கு 2026 ஜனவரி முதல் நிர்வாக இயக்குநர் தருண் கார்க், அந்தப் பொறுப்புக்கு வரும் முதல் இந்தியர். மாருதியில் பல வருஷம் இருந்தவர். சின்னக் கார் வாங்குகிறவரின் மனசு தெரிந்தவராக இருப்பார் என்று எதிர்பார்க்கிறேன்.

நமக்குப் பக்கத்திலேயே ஒன்று நடக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழக்கரை, சாயல்குடி தாண்டித் தெற்கே போனால் தூத்துக்குடி. அங்கே வியட்நாமின் வின்ஃபாஸ்ட் 2025 ஆகஸ்டில் மின்சாரக் கார் தொழிற்சாலை திறந்தது. 2024 தொடக்கத்தில் அதன் நிறுவனர் ஃபாம் நியாத் வுவாங் தலைமைச் செயல் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டார். பணம் போட்டவரே சுக்கான் பிடித்தால் முடிவு வேகமாக வரும். இங்கே முதலில் வந்தவை எஸ்யூவிகள்தான். மீன்பெட்டி ஏற்றக்கூடிய விலையில் ஒரு சின்ன மின்சார வண்டி அங்கிருந்து வந்தால் நம் கரையே மாறும், அதற்குத்தான் காத்திருக்கிறேன்.

சரி, தம்பியின் கேள்வி. கம்பெனித் தலைவர் மாறினார் என்ற செய்தி வந்தால், அவர் எங்கிருந்து வந்தவர் என்று பாருங்கள். சின்னக் கார் விற்றுப் பழகியவரா, செலவு குறைக்க அழைத்து வரப்பட்டவரா? நீங்கள் வாங்க நினைக்கிற மாடலின் எஞ்சின் வேறு எத்தனை கார்களில் இருக்கிறது என்று கேளுங்கள். நாலைந்து கார்களில் இருந்தால், உங்கள் மாடலே நின்றுபோனாலும் எஞ்சின் சாமான் கிடைக்கும். பாடி சாமான்தான் திண்டாட்டம். கூட்டு முறிகிறது என்று செய்தி வந்தால், பீதியடைய வேண்டாம். வாங்குவதை மட்டும் கொஞ்சம் தள்ளிப்போடலாம். வெளியூர்க்காரருக்கு இதெல்லாம் அவ்வளவு முக்கியமில்லாமல் இருக்கலாம். உப்புக்காற்றில் வண்டி வைத்திருக்கிற நமக்கு, சாமான் கிடைப்பதுதான் வண்டியின் ஆயுள்.

அன்றைக்கு அந்தத் தம்பியின் ஆம்னியில் தரை விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். ஐஸ் பெட்டியிலிருந்து வடிகிற உப்புத்தண்ணீர் தகட்டு இணைப்புகளில் தேங்கி, பெயின்ட் கொப்பளித்துச் செங்காவியாக நின்றது. ஸ்க்ரூடிரைவர் முனையை லேசாக வைத்தேன், பொத்துக்கொண்டு போய் அடியில் ரோடு தெரிந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. ஆம்னி தயாரிப்பு 2019இல் நின்றுவிட்டது. அப்படியும் அந்தத் தரைத்தகடு வாங்கித் தர என்னால் முடியும் என்றேன். ரோலரை மாட்டினோம். கதவு வழுக்கிக்கொண்டு மூடியது. புது வண்டி பார்க்கப் போகும் அன்றைக்கு என்னையும் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். முதலில் வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்க வேண்டும்.